காலை எடுக்கவும்

நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஏழாம் பக்கத்துக்கு ‘வாலாட்டும் பக்கம்’ என்று பெயர். நாய், பூனை, கிளி, மீன் வளர்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள். டாக்டர் பதில் சொல்வார். கேள்வி வராத வாரங்களில் அலுவலகத்திலேயே கேள்வி தயாராகும். பதில் வராத வாரங்களில் பதிலும் தயாராகும். டாக்டரின் புகைப்படம் மட்டும் எல்லா வாரமும் டாக்டருடையது.

அந்த நாளிதழில் இருபத்திரண்டு வருடங்களாகப் பிழைதிருத்திக்கொண்டிருந்தவளுக்கு வாலாட்டும் பக்கத்தின் மேல் தனிப் பாசமும் இல்லை, தனிப் பகையும் இல்லை. எல்லாப் பக்கத்தையும் ஒரே கண்ணால்தான் பார்த்தாள். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாமல் போனால் அவளுக்கு அன்று சாப்பாடு இறங்காது. அதனால் அலுவலகத்தில் அவள் பெயர் ஒற்றக்கா. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அவளிடம் ஒரு நாய் இருந்தது. வால் கீழ்நோக்கி ஒரு சுழி சுழித்து நிற்கும். அதனால் பெயர் கமா. பதினோரு வயது. சில நாட்களாக அதன் வாய் நாறியது.

கேள்வி வராத ஒரு வாரத்தில் பக்கப் பொறுப்பாளன் அவள் மேசைக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, எந்நேரமும் அவசரம். எல்லோரும் அவனைப் பக்கம் என்றே கூப்பிடுவார்கள்.

“அக்கா, உங்க நாய்க்கு ஏதாவது கோளாறு இருக்கா?”

“வாய் நாறுது தம்பி. சரியா சாப்பிட மாட்டேங்குது.”

“அருமை,” என்றான் பக்கம்.

கேள்வி தயாரானது. ‘என் நாயின் வாயில் துர்நாற்றம் வீசுகிறது. என்ன செய்யலாம்? - ஒரு வாசகி.’ பக்கம் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தான். டாக்டர் காரில் போய்க்கொண்டிருந்தார். “பல்லு தேய்க்கச் சொல்லுங்க, தினமும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பக்கம் தட்டச்சு செய்தான்: ‘நாய்க்குத் தினமும் பால் தேய்க்க வேண்டும்.’

மெய்ப்பு ஒற்றக்காவிடம் வந்தது. ‘பால்’ என்பதைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். ப-வுக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தத் துணைக்கால் போய்விட்டால் பால் பல் ஆகிவிடும். ஓரத்தில் எழுதினாள்: ‘காலை எடுக்கவும்.’

இருபத்திரண்டு வருடங்களாக அவள் அப்படித்தான் எழுதுகிறாள். அச்சுக் கோத்தவர்கள் இருந்த காலத்தில் அதைப் பார்த்ததும் அவர்கள் காலை எடுத்துவிடுவார்கள். அவர்களையெல்லாம் நிறுவனம் எடுத்துவிட்டது. இப்போது திருத்தங்களைப் பக்கமே கணினியில் சேர்த்துக்கொள்கிறான். அவனுக்குக் காலை என்றால் பொழுது விடிவது.

ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வந்தது. ‘நாய்க்குத் தினமும் காலை பால் எடுத்துத் தேய்க்க வேண்டும்.’

‘காலையில் என்று இருக்க வேண்டும்’ என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அதன் பிறகுதான் பாலைப் பார்த்தாள்.

இணைப்பை மடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். தாமதம். அவள் கணவர் ஒரு குவளைப் பாலோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கமாவின் முதுகு பாதி வெள்ளையாகியிருந்தது. கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மேலே போவதையும் கீழே வருவதையும் இரண்டு முறை சோதிக்காமல் நம்பமாட்டார். அச்சில் வந்ததை அவர் சோதிப்பதில்லை.

“என்னங்க பண்றீங்க?”

“நீ பேப்பர் பாக்கலையா? டாக்டரே சொல்லியிருக்காரு.”

“அது பால் இல்லீங்க, பல்லு. பல்லு தேய்க்கணும். தப்பா வந்திருக்கு.”

“தப்பாவா? யாரு சொன்னா?”

“நான் சொல்றேன். நான்தானே அதைத் திருத்தினேன்.”

“நீ வீட்டுல சொல்றே. அவங்க பேப்பர்ல சொல்றாங்க.”

“அந்தப் பேப்பர்லதாங்க நான் வேலை பாக்குறேன்!”

“வேலைதானே பாக்குறே,” என்றார் கணவர், வாலுக்குப் பால் தடவியபடி. “எழுதலையே.”

மத்தியானத்துக்குள் எறும்பு வந்துவிட்டது. கமா தன்னைத்தானே நக்கிப் பார்த்தது, வாய் வலித்ததால் விட்டுவிட்டது. சாயங்காலம் தெருப் பூனைகள் இரண்டு சற்றுத் தள்ளி, மரியாதையான தூரத்தில், அதைப் பின்தொடர்ந்தன.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அவள் பக்கத்தின் முன் போய் நின்றாள்.

“தம்பி, பால்ல இருக்குற காலை எடுக்கச் சொன்னேன்.”

“எடுத்தேனே அக்கா. காலை பால் எடுத்துன்னு போட்டிருக்கேன். உங்க காலையும் இருக்கு, உங்க எடுக்கவும் இருக்கு. ஒரு சொல்லைக்கூட விடலை.”

“அது கால்! துணைக்கால்!”

பக்கம் யோசித்தான். “நாய்க்கு நாலு இருக்கே அக்கா. அதுல எது துணை?”

அவன் கேலி செய்யவில்லை. அதுதான் அவளுக்குத் திகிலாக இருந்தது.

திருத்தம் போடச் சொன்னாள். அதற்கும் ஒரு விதி இருந்தது. பிழையை வாசகர் சுட்டிக்காட்டினால் திருத்தம் போடலாம். ஊழியர் சுட்டிக்காட்டினால் அது விசாரணைக்குப் போகும். விசாரணை வந்தால் ‘காலை’ என்பது யாருடைய கையெழுத்து என்று பார்ப்பார்கள். “வாசகர்கள் எழுதட்டும் அக்கா, பாத்துக்கலாம்,” என்றான் பக்கம்.

வாசகர்கள் எழுதினார்கள். நூற்று நாற்பது கடிதங்கள். பசும்பாலா எருமைப்பாலா என்று கேட்டார்கள். காய்ச்சிய பாலா காய்ச்சாத பாலா என்று கேட்டார்கள். ஆடையை என்ன செய்வது என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். இன்னொருவர் நன்றி தெரிவித்திருந்தார்: ஐந்து நாளாகத் தேய்த்ததில் தன் நாயின் வாய் நாறுவதே இப்போது தெரியவில்லை, நாய் முழுக்க நாறுகிறது.

பிழை என்று ஒருவரும் எழுதவில்லை.

இத்தனை கடிதங்களை டாக்டர் அதுவரை கண்டதில்லை. வாலாட்டும் பக்கத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, அடுத்த வாரப் பதில்களை அவரே உட்கார்ந்து எழுதினார். பருமனான நாய்களுக்குக் கொழுப்பு நீக்கிய பால். பூனைக்கு அது உறங்கும்போது மட்டும். கிளிக்கு இறகின் போக்கில். மீன் வளர்ப்பவர்கள் அருகிலுள்ள மருத்துவரை அணுகவும்.

அதற்கடுத்த புதன்கிழமையோடு கமா சாப்பிடுவதை நிறுத்தி மூன்று நாளாகிவிட்டது. வலது கன்னம் வீங்கியிருந்தது. தட்டின் முன் போய் உட்காரும், முகர்ந்து பார்க்கும், திரும்பி அவளைப் பார்க்கும். ஒற்றக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். முதல் மருத்துவமனையின் கதவில் ஏழாம் பக்கம் ஒட்டியிருந்தது. இரண்டாவதிலும் ஒட்டியிருந்தது. மூன்றாவது டாக்டருடையதே. போனது போகட்டும், ஊற்றுக்கே போய்விடலாம் என்று உள்ளே நுழைந்தாள்.

காத்திருப்புக் கூடத்தின் சுவர் முழுக்க வாலாட்டும் பக்கங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. மருத்துவப் பட்டச் சான்றிதழும் இருந்தது. அதன் மேல் ஒரு நாட்காட்டியை மாட்டியிருந்தார்கள். பெஞ்சுகளில் இருபத்தாறு பேர், இருபத்தாறு பிராணிகள். புளித்த வாடை கண்ணைக் கரித்தது.

டாக்டர் கமாவைப் பார்த்தார். பார்த்தார் என்றால், கமா இருந்த திசையைப் பார்த்தார்.

“பால் தேய்க்கிறீங்களா?”

“டாக்டர், அது அச்சுப்பிழை. நீங்க பல்லுன்னுதான் சொன்னீங்க.”

“நான் என்ன சொன்னேன்னு நானே பேப்பரைப் பாத்துத்தானம்மா தெரிஞ்சுக்குறேன்.”

“வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை பாருங்க. வலது பக்கம் எப்படி வீங்கியிருக்குன்னு.”

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். “இப்போ நான் இதோட வாயைத் திறந்தா என்ன அர்த்தம்? எனக்கே பால்ல நம்பிக்கை இல்லேன்னு அர்த்தம். வெளிய இருபத்தாறு பேரு உக்காந்திருக்காங்க.”

“அது சாப்பிட்டு மூணு நாளாச்சு டாக்டர்.”

“ஞாயித்துக்கிழமை பேரவை விழா. அது முடியட்டும். திங்கக்கிழமை கொண்டு வாங்க, பாக்குறேன்.” கொஞ்சம் நிறுத்திச் சேர்த்துக்கொண்டார். “பாக்குறேன்னு சொன்னதை வெளிய சொல்லிடாதீங்க.”

மருந்துச் சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். ‘ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி. காலை, மாலை.’

வாசலில் கம்பவுண்டரம்மா கமாவின் கன்னத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“பல்லு ஆடுது. அடியில சீழ் கோத்திருக்கு. ரொம்ப நாள் தாங்காதும்மா.”

“நீங்களாவது எடுத்துவிடுங்களேன்.”

“நான் இந்தப் பல்லை எடுத்தா, அவரு என் சீட்டை எடுத்துடுவாரு.”

பேரவை என்று டாக்டர் சொன்னது செல்லப்பிராணி அறிவுரைப் பேரவையை. கால்நடை மருத்துவர்கள் பாதி, பத்திரிகையாளர்கள் பாதி. டாக்டர் சொன்னால் பத்திரிகை போடும். பத்திரிகையில் வந்தால் மற்ற டாக்டர்கள் சொல்வார்கள். முதலில் சொன்னது யார் என்ற கேள்வியை எழுப்பக் கூடாது என்று பேரவை விதிமுறையில் தனிப் பிரிவே இருந்தது.

வெள்ளிக்கிழமை பக்கம் மூச்சிரைக்க வந்தான்.

“அக்கா, அந்த ‘ஒரு வாசகி’யை மேடையேத்தணுமாம். நாயோட. நல்லவேளை, நம்ம ஆபீஸ்லயே இருக்கீங்க.”

வர முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மேடையில் டாக்டருக்கும் கமாவின் வாய்க்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும்? ஒரு முழம். வெளியே இருபத்தாறு பேர் என்று அங்கே கதவைச் சாத்த முடியாது.

“வரேன் தம்பி,” என்றாள்.

அதுவரை கமாவுக்குக் கஞ்சித் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றினாள். பாதி வெளியே வழிந்தது. கணவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலை ஒழுங்கா தேய்க்க விட்டிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமா?”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்விட்டார்.

விழா மண்டபத்தில் பெரிய பதாகை. ‘பால்தேய்ப்பு விழிப்புனர்வு நாள்.’ மூன்று சுழி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. ஒற்றக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று அதற்கு நேரமில்லை. மடியில் கமா அனலாகக் கொதித்தது.

முதலில் நாளிதழ் ஆசிரியர் பேசினார். “பத்திரிகை தானாக எதையும் சொல்வதில்லை. டாக்டர் சொன்னார் என்றுதான் சொல்கிறது. டாக்டர் அப்படிச் சொன்னாரா என்று அவரிடமே கேட்பது மருத்துவத்தில் தலையிடுவது. எழுபது ஆண்டுகளில் ஒருமுறைகூட நாங்கள் அந்தத் தவறைச் செய்ததில்லை.” கைதட்டல்.

அடுத்து பேரவைத் தலைவர். மூத்த கால்நடை மருத்துவர். “மருத்துவம் ஆதாரத்தின் மேல் நிற்பது. பாலுக்கு என்ன ஆதாரம் என்று ஒரு சிலர் கேட்கிறார்கள். ஒரு லட்சம் பிரதிகள்! இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் நோயுற்ற பிராணிகளை நேராக எங்களிடம் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் நாங்கள் எப்போது அறிவுரை சொல்வது? அறிவுரைக்காகத்தான் சிகிச்சையையே படிப்படியாகக் குறைத்துவருகிறோம்.” இன்னும் பலத்த கைதட்டல்.

பிறகு செயல்விளக்கம். டாக்டர் சட்டைக் காலரில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு பளபளப்பான கிண்ணத்தோடு வந்தார். ஒற்றக்கா கமாவை மேசைமேல் நிறுத்தினாள். அது நிற்கவில்லை. தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் முதுகில் தேய்த்தார். பளிச் பளிச் என்று படம் எடுத்தார்கள்.

“டாக்டர், நாய் மூஞ்சி கிடைக்கலை,” என்றார் ஒரு புகைப்படக்காரர். “மூஞ்சிக்கிட்ட தேய்ங்க.”

டாக்டரின் கை வலது கன்னத்துக்குப் போனது. கமா ஊளையிட்டது. கூடத்தில் பேச்சு நின்றது.

“டாக்டர்,” என்றாள் ஒற்றக்கா மெதுவாக. “பால் தேய்க்கச் சொன்னா தேய்க்கிறேன், நிறுத்தச் சொன்னா நிறுத்துறேன். உதட்டை மட்டும் ஒரு தடவை தூக்கிப் பாருங்க.”

அவர் தூக்கலாம் என்று முடிவு செய்யவில்லை. ஐந்து வருடம் கல்லூரியில் படித்தது அந்தக் கட்டைவிரல். அது தானாகவே கமாவின் உதட்டை மேலே ஒதுக்கியது. டாக்டர் குனிந்தார். மண்டபம், பதாகை, பேரவை எல்லாம் ஒரு நிமிடம் அவர் முகத்திலிருந்து போய்விட்டன.

“அடப்பாவமே,” என்றார். “இந்தப் பல்லை எடுக்கணும். உடனே எடுக்கணும்.”

காலரில் இருந்த ஒலிவாங்கி அதைக் கூடம் முழுக்கக் கொண்டுபோனது.

அவ்வளவுதான், முடிந்தது, உண்மை வெளியே வந்துவிட்டது என்று ஒற்றக்காவுக்குக் கண் நிறைந்தது.

முன்வரிசையில் பக்கம் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி நிருபர் அவனை இடித்தார்.

“என்ன சொன்னாரு?”

“பாலை எடுக்கணுமாம்.”

“எப்போ?”

“உடனேயாம்.”

பாலை எடுக்கணும், பாலை எடுக்கணும் என்று வரிசை வரிசையாகப் பின்னால் போனது. கடைசி வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பேரவைத் தலைவர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பிடித்தார். “புரட்சிகரமான அறிவிப்பு! பாலை உடனே நிறுத்த வேண்டும்! பேரவை ஆரம்பம் முதலே இதைத்தான் வலியுறுத்திவருகிறது!”

டாக்டர் ஒற்றக்காவைப் பார்த்தார். ஒற்றக்கா டாக்டரைப் பார்த்தாள். “பின்வாசல் வழியா வாங்க,” என்றார் அவர்.

பட்டப்பகலில் மருத்துவமனையின் இரும்புக் கதவை இழுத்துவிட்டார்கள். டாக்டர் சிகிச்சை செய்வதை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? கம்பவுண்டரம்மா மயக்க ஊசி போட்டாள். டாக்டர் இடுக்கியைக் கையில் வாங்கி, சூடு பார்ப்பதுபோல் ஒரு முறை உள்ளங்கையில் உருட்டினார்.

“பதினாலு மாசமாச்சு நான் ஒரு பல்லு எடுத்து.”

“பதினேழு,” என்றாள் கம்பவுண்டரம்மா.

ஒற்றக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். சுவரில் மூன்றாம் பத்தி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் டக்கென்று ஒரு சத்தம். பிறகு டாக்டரின் குரல், வெட்கப்பட்ட குரல்: “நல்லா எடுத்தேன்ல?”

“நல்லா எடுத்தீங்க டாக்டர்.”

பல்லைப் பஞ்சில் சுற்றி ஒற்றக்காவிடம் கொடுத்தார். “யார்கிட்டயும் காட்டாதீங்க. என் பேரு கெட்டுடும்.”

அன்று மாலை கமா தட்டை நக்கித் தேய்த்தது. மறுநாள் காலை செய்தித்தாளைப் படித்துவிட்டு வந்த கணவர், அதன் முன் அவள் வைத்திருந்த பால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனார்.

“என்னங்க, குடிக்கிறதுக்குத்தானே வச்சேன்!”

“பாலை எடுக்கச் சொல்லிட்டாங்க. முதல் பக்கத்துலயே போட்டிருக்கு.”

அந்த வாரம் வாசகர்கள் மறுபடி எழுதினார்கள். தேய்க்கச் சொன்னதும் நீங்கள், எடுக்கச் சொன்னதும் நீங்கள், எங்கள் நாய் எதை நம்புவது என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் பிழையை வாசகர் சுட்டிக்காட்டிவிட்டார். விதிப்படி இனித் திருத்தம் போடலாம். ஆசிரியரும் டாக்டரும் பேரவைத் தலைவரும் கூடி அரை நாள் பேசி, நாலு வரி எழுதி, பக்கத்திடம் கொடுத்தார்கள். பக்கம் தட்டச்சு செய்து ஒற்றக்காவின் மேசையில் வைத்தான்.

‘திருத்தம்: இப்பகுதியில் பால் தொடர்பாக வெளியான தகவலில் ஒரு பிழை, பிழைதிருத்துபவரின் கவனக்குறைவால் நேர்ந்தது. மருத்துவருக்கோ பேரவைக்கோ பொறுப்பில்லை. உங்கள் செல்லங்களை எண்ணி வருத்துகிறோம்.’

முதல் இரண்டு வாக்கியங்களை அவள் அமைதியாகப் படித்தாள். எழுத்துப்பிழை இல்லை. மூன்றாவதில் சிவப்புப் பேனா தானாக இறங்கியது. ‘வருந்துகிறோம்’ என்று இருக்க வேண்டும். ந் போய் த் வந்துவிட்டது. வருந்துவது நாம் படுவது. வருத்துவது அடுத்தவரைப் படுத்துவது.

பேனா தாளைத் தொடுமுன் நின்றது. இன்னொரு முறை படித்தாள். இழுப்பறையைத் திறந்து, அழிப்பானுக்குப் பக்கத்தில் பஞ்சில் கிடந்த பல்லைப் பார்த்தாள். மூடினாள். மூன்றாம் முறையும் படித்தாள். இருபத்திரண்டு வருடங்களில் ஏழாம் பக்கம் இவ்வளவு துல்லியமாக ஒரு வாக்கியத்தையும் எழுதியதில்லை.

பக்கம் எட்டிப் பார்த்தான். “அக்கா, பக்கம் போகணும். பிழை ஏதாவது இருக்கா?”

“இல்ல தம்பி,” என்றாள். ஓரத்தில் ‘சரி’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். “எல்லாம் சரியா இருக்கு.”